கடைக்காரர் எம்.பி. ஆனால் கல்லாவில் யார் உட்காருவது?

தேர்தல் வந்தால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் டீக்கடைகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். முந்திரி வியாபாரி நிற்கிறார், ஹார்டுவேர் கடைக்காரர் சீட் கேட்கிறார், பஸ் முதலாளிக்கு வாய்ப்பு என்கிறார்கள். உடனே ஒருவர், "ஜெயிச்சா கடையை மூடணும்ல?" என்பார். இன்னொருவர், "அரசாங்கத்துல சம்பளம் வாங்கிக்கிட்டு வியாபாரம் பண்ணலாமா?" என்பார். மூன்றாமவர், கான்ட்ராக்ட் எடுத்தால் பதவி போய்விடும் என்று எங்கோ படித்ததாகச் சொல்வார். மூவரும் பாதி சரி, பாதி தப்பு.

புரிவதற்காக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். திருப்பாதிரிப்புலியூரில் பெயிண்ட், ஹார்டுவேர் கடை, கூடவே சின்ன அளவில் கட்டட கான்ட்ராக்ட். ஊரில் எல்லாரும் 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவார்கள். அவர் மக்களவைக்கு நிற்கிறார், ஜெயிக்கிறார். அவருக்கும் அவர் கடைக்கும் என்ன ஆகும்?

எம்.பி. அரசு ஊழியர் இல்லை

குழப்பத்தின் வேர் இதுதான். அரசு ஊழியர் தனி வியாபாரம் செய்யக் கூடாது என்று அவர்களுடைய நடத்தை விதிகள் சொல்கின்றன. அந்த விதிகள் எம்.பி.க்குப் பொருந்தாது. எம்.பி. அரசாங்கத்திடம் வேலை பார்ப்பவர் இல்லை, அரசாங்கத்தைக் கேள்வி கேட்க அனுப்பப்பட்டவர். சம்பளத்தை நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் கொடுக்கிறது. வருமான வரிக் கணக்கில்கூட அந்தத் தொகை 'சம்பளம்' என்ற தலைப்பில் வராது, 'இதர வருமானம்' என்ற தலைப்பில்தான் வரும்.

ஆக, அண்ணாச்சி கடையை மூட வேண்டியதில்லை. ஜிஎஸ்டி பதிவு அவர் பெயரிலேயே இருக்கலாம், கல்லாவில் அவரே உட்காரலாம். வழக்கறிஞர்களாக இருக்கும் எம்.பி.க்கள் நீதிமன்றத்தில் வாதாடலாமா என்று ஒரு வழக்கு போய், வாதாடலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கருப்பு கோட்டு போடலாம் என்றால் பெயிண்ட் டப்பாவும் விற்கலாம்.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அரசு ஊழியர் இல்லையே தவிர, ஊழல் தடுப்புச் சட்டத்தின் கண்ணில் எம்.பி. ஒரு 'பொது ஊழியர்'. 1998-ல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. அவையில் ஓட்டுப் போட லஞ்சம் வாங்கினால் நாடாளுமன்றச் சலுகை காப்பாற்றும் என்று அதே தீர்ப்பில் இருந்த ஓட்டையை, 2024 மார்ச்சில் சீதா சோரன் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அடைத்தது.

'ஆதாயம் தரும் பதவி' என்பது எது?

அரசியலமைப்பின் 102-வது பிரிவில் இந்தச் சொல் வருகிறது. ஆதாயம் என்றதும் கடை லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது இல்லை. மத்திய அரசின் கீழோ மாநில அரசின் கீழோ உள்ள ஒரு பதவியாக இருக்க வேண்டும், அதில் பண ஆதாயம் கிடைக்க வழி இருக்க வேண்டும். அண்ணாச்சியின் கடை எந்த அரசின் கீழும் இல்லை. வணிகர் சங்கத் தலைவர் பதவியும் அப்படித்தான், அது உறுப்பினர்கள் கொடுத்த பதவி.

சிக்கல் அரசு வாரியங்களில் வரும். உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சி மன்றத் தலைவராக இருந்ததால் ஜெயா பச்சன் 2006-ல் மாநிலங்களவைப் பதவியை இழந்தார். பணம் எதுவும் வாங்கவில்லை என்றது அவர் தரப்பு. வாங்கினாரா என்பது கேள்வியே இல்லை, வாங்க உரிமை இருந்ததா என்பதுதான் கேள்வி என்றது உச்ச நீதிமன்றம். போக்குவரத்துச் செலவு, படி மட்டும் கிடைக்கும் பல பதவிகளுக்கு 1959-ம் ஆண்டுச் சட்டம் விலக்கு தருகிறது. எனவே வாரியத் தலைவர் நாற்காலி வேண்டுமா என்று யாராவது கேட்டால், அண்ணாச்சி முதலில் அதற்கு மதிப்பூதியம் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நிற்பதற்கு என்ன வேண்டும்?

இது சுலபம். 25 வயது, இந்தியக் குடியுரிமை, வாக்காளர் பட்டியலில் பெயர். படிப்பு தேவையில்லை. டெபாசிட் ரூ.25,000, பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு ரூ.12,500. செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் டெபாசிட் காலி. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும்.

நம் ஊர்ப் பக்கம் ஒரு கூடுதல் சந்தேகம் உண்டு. முள்ளோடைக்கு இந்தப் பக்கம் கடை, அந்தப் பக்கம் வீடு என்று பலர் இருக்கிறார்கள். மக்களவைக்கு அது பிரச்சினையே இல்லை. நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும், கடலூர்க்காரர் புதுச்சேரியில் நிற்கலாம், புதுச்சேரிக்காரர் கடலூரில் நிற்கலாம். செலவு வரம்புதான் மாறும். 2022-ல் திருத்தியபடி கடலூரில் ஒரு வேட்பாளர் ரூ.95 லட்சம் வரை செலவழிக்கலாம், புதுச்சேரியில் ரூ.75 லட்சம்தான். காரைக்காலுக்குப் போய், கேரளக் கரையில் உள்ள மாஹேக்குப் போய், ஆந்திராவில் உள்ள ஏனாமுக்கும் போய் ஓட்டுக் கேட்க வேண்டிய தொகுதிக்கு வரம்பு குறைவு என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

கடைக்காரர் வேட்பாளருக்கு இதில் தனித் தலைவலி ஒன்று. சொந்தக் கடையின் டெம்போவைப் பிரச்சாரத்துக்கு ஓட்டினால் "என் வண்டிதானே" என்று விட முடியாது, அதற்கும் சந்தை மதிப்பு போட்டுக் கணக்கில் காட்ட வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு கொடுக்கவில்லை என்றால், தக்க காரணமும் இல்லை என்றால், மூன்று வருடம் தகுதியிழப்பு.

வியாபாரிக்கென்றே இருக்கும் கண்ணிகள்

எல்லா வேட்பாளருக்கும் பொதுவான தடைகள் பல உண்டு. அவற்றில் கடை வைத்திருப்பவரை மற்றவரைவிடச் சுலபமாகப் பிடிக்கக்கூடியவை மூன்று.

1. மஞ்சள் கடுதாசி. கடன் தலைக்கு மேல் போய், நீதிமன்றத்தால் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டு, அதிலிருந்து இன்னும் விடுவிக்கப்படாதவர் எம்.பி.யாக முடியாது, எம்.பி.யாக இருக்கவும் முடியாது. ஆனால் 'ஐ.பி. போட்டுட்டான்', அதாவது திவால் மனு கொடுத்துவிட்டான் என்று ஊர் பேசுவது மட்டும் போதாது, மனு வேறு அறிவிப்பு வேறு. வெறும் கடன் தடையே இல்லை. வங்கியில் பத்துக் கோடி பாக்கி வைத்துக்கொண்டு தாராளமாக நிற்கலாம், பிரமாணப் பத்திரத்தில் எழுதிவிட்டால் சரி.

2. கலப்படம், பதுக்கல். பலருக்குத் தெரியாத பிரிவு இது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 8-ன் இரண்டாவது உட்பிரிவு. உணவு அல்லது மருந்துக் கலப்படம், பதுக்கல், கொள்ளை லாபம் ஆகியவற்றைத் தடுக்கும் சட்டங்களின் கீழும், வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழும் குறைந்தது ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றால் பதவிக்குத் தகுதி போய்விடும். மற்ற குற்றங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வருட வரம்பு, இவற்றுக்கு ஆறே மாதம். தட்டுப்பாட்டுக் காலத்து அரிசி மண்டி அனுபவம் சட்டம் எழுதியவர்களுக்கு இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. நடைமுறையில் இது அபூர்வமாகத்தான் வேலை செய்யும். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு தரக்குறைவு, தவறான லேபிள் போன்றவை மாவட்ட வருவாய் அலுவலர் முன்பு அபராதத்தோடு முடிந்துவிடுகின்றன. உடல்நலத்துக்குக் கேடான உணவு என்றால்தான் சிறை.

3. செக் பவுன்ஸ். வியாபாரிகளுக்கு மிகவும் பழக்கமான வழக்கு. அதிகபட்சத் தண்டனை இரண்டு வருடம். பொதுவான தகுதியிழப்புப் பிரிவு சொல்வது 'இரண்டு வருடத்துக்குக் குறையாத' தண்டனை. அதாவது முழுத் தண்டனையும் விழுந்தால் ஆள் மாட்டுவார், ஒரு நாள் குறைந்தாலும் தப்பிப்பார்.

வழக்கு இருப்பது தடை இல்லை, தீர்ப்பும் தண்டனையும் வேண்டும். முன்பு மேல்முறையீடு செய்தால் பதவியில் இருப்பவர் தொடரலாம் என்று ஒரு வசதி இருந்தது. 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துவிட்டது. இப்போது தண்டனை அறிவித்த உடனே தகுதியிழப்புதான், மேல் நீதிமன்றம் தீர்ப்பையே நிறுத்திவைத்தால் ஒழிய.

கான்ட்ராக்ட்: உண்மையான பிரச்சினை இங்கேதான்

இனி அண்ணாச்சியின் இன்னொரு தொழிலுக்கு வருவோம். மேலே சொன்ன மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 9ஏ. அரசோடு, தொழில் முறையில், பொருள் சப்ளை செய்யவோ அரசின் கட்டுமான வேலையைச் செய்யவோ ஒப்பந்தம் போட்டு, அது நடப்பில் இருந்தால் தகுதி கிடையாது. வாக்கியம் சின்னதுதான், ஒவ்வொரு சொல்லிலும் ஒரு வழக்கு இருக்கிறது.

1. எந்த அரசு? மக்களவைக்கு மத்திய அரசு, சட்டமன்றத்துக்கு மாநில அரசு. அண்ணாச்சி கடலூரில் மாநிலப் பொதுப்பணித் துறையின் பள்ளிக்கட்டடம் கட்டிக்கொண்டே எம்.பி. ஆகலாம், எம்.எல்.ஏ. ஆக முடியாது. ரயில் நிலையத்துக்கு நடைமேடைக் கூரை போட ரயில்வேயோடு நேரடி ஒப்பந்தம் என்றால் தலைகீழ்: எம்.எல்.ஏ. ஆகலாம், எம்.பி. ஆக முடியாது.

2. என்.எல்.சி. அரசா? கடலூர் மாவட்டத்தில் கான்ட்ராக்ட் என்றாலே பாதிப் பேருக்கு நெய்வேலிதான் ஞாபகம் வரும். பெரும்பான்மைப் பங்கு மத்திய அரசிடம் இருந்தாலும் அது கம்பெனிச் சட்டப்படி தனி நிறுவனம். 9ஏ பேசுவது அரசோடு போட்ட ஒப்பந்தத்தை. அரசு 25 சதவீதமாவது பங்கு வைத்திருக்கும் நிறுவனங்களைப் பற்றி அடுத்த பிரிவு, அதாவது 10, பேசுகிறது. அது பிடிப்பது அந்த நிறுவனத்தின் மேலாளர், செயலாளர் போன்றவர்களை, அதற்கு லாரி விடுபவரை அல்ல. கூட்டுறவுச் சங்கங்களுக்கு அதிலும் விலக்கு.

3. பில் பாக்கி இருந்தால்? வேலை முடிந்துவிட்டது, பணம் வரவில்லை. இந்த நிலையை எந்த கான்ட்ராக்டரும் அறிவார். சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது: ஒப்பந்தக்காரர் தன் பக்கத்து வேலையை முழுதாக முடித்துவிட்டால், அரசு இன்னும் பணம் தரவில்லை என்பதற்காக ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாக ஆகாது. அரசு பில் எவ்வளவு தாமதமாக வரும் என்று தெரிந்த யாரோதான் இதை எழுதியிருக்க வேண்டும்.

4. எந்தத் தேதியில் பார்ப்பார்கள்? வேட்புமனு பரிசீலனை நாளில். அதற்கு முன் ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டும், அல்லது துறை ஒப்புக்கொண்டு ரத்து செய்திருக்க வேண்டும். "நான் விலகிக்கொள்கிறேன்" என்று ஒரு கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தால் ஒப்பந்தம் தீர்ந்துவிடாது. ஜெயித்த பிறகு புதிதாக ஒப்பந்தம் போட்டாலும் இதே பிரிவு பாயும். அப்போது தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு, அதன்படி குடியரசுத் தலைவர் முடிவெடுப்பார்.

5. குத்தகை, வாடகை? பொருள் சப்ளை, அரசின் வேலை என்ற இரண்டைத்தான் வாசகம் சொல்கிறது. மாடியை மத்திய அரசு அலுவலகத்துக்கு வாடகைக்கு விடுவது இரண்டிலும் சேராது. சுரங்கக் குத்தகை பற்றி 2001-ல் கர்தார் சிங் பதானா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே வழியில்தான் போனது: கல் எடுக்கக் குத்தகை வாங்கியவர் தன் தொழிலைச் செய்கிறார், அரசின் வேலையைச் செய்யவில்லை என்றது. ஜார்க்கண்ட் முதல்வர் ஹேமந்த் சோரன் தன் பெயரிலேயே கல்குவாரிக் குத்தகை எடுத்தது 2022-ல் பெரிய சர்ச்சையானது நினைவிருக்கும். தேர்தல் ஆணையம் தன் கருத்தை அந்த ஆகஸ்டில் ஆளுநருக்கு அனுப்பியது, ஆளுநர் அதை வெளியிடவில்லை.

6. மகன் பெயரில் எடுத்தால்? 'அவர் செய்துகொண்ட ஒப்பந்தம்' என்றுதான் பிரிவு சொல்கிறது. மகனோ மனைவியோ சொந்தமாக எடுத்தால் நேரடியாகப் பொருந்தாது. இது ஓட்டைதான், தெரிந்தே விட்டுவைத்த ஓட்டை என்பது என் எண்ணம். தேர்தலுக்கு முந்தைய வாரம் லெட்டர்பேடில் பெயர் மாறும் கடைகள் எத்தனையோ.

பிரமாணப் பத்திரம்: கல்லாவை ஊர் முன்னால் திறப்பது

ஓட்டையை ஓரளவு அடைப்பது வேட்புமனுவோடு தரும் படிவம் 26. சொத்து, கடன், அரசுக்கு வைத்திருக்கும் பாக்கி, ஐந்து வருட வருமானம், நிலுவை வழக்குகள் எல்லாம் அதில் வரும். 2018-ல் லோக் பிரஹரி வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும், அரசோடும் பொது நிறுவனங்களோடும் உள்ள ஒப்பந்தங்களையும் சொல்ல வேண்டும். வேட்பாளருடையது மட்டுமில்லை, துணைவருடையது, சார்ந்திருப்பவர்களுடையது, அவர்கள் கூட்டாளியாக இருக்கும் நிறுவனத்துடையது எல்லாம். நெய்வேலிக் கான்ட்ராக்ட் தகுதியைப் பறிக்காது, ஆனால் இந்தக் காகிதத்தில் வந்தாக வேண்டும். பொய் எழுதினால் ஆறு மாதம் வரை சிறை. யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் பார்க்கலாம், போட்டிக் கடைக்காரர் கட்டாயம் பார்ப்பார்.

நம் காலத்துப் பெரிய உதாரணம் எச். வசந்தகுமார். விஜிபியில் விற்பனையாளராக ஆரம்பித்து, 1978-ல் வசந்த் அண்ட் கோ என்று தன் கடையைத் தொடங்கியவர். நாங்குநேரியில் 2006-லும் 2016-லும் எம்.எல்.ஏ., 2019-ல் கன்னியாகுமரி எம்.பி. அந்தத் தேர்தலில் அவர் அறிவித்த சொத்து ரூ.400 கோடிக்கு மேல். எம்.பி. ஆனதால் ஒரு ஷோரூமும் மூடவில்லை, மூடவும் சட்டம் கேட்கவில்லை. 2020 ஆகஸ்டில் கொரோனா தொற்றுக்குப் பிறகு இறந்தார், 2021 இடைத்தேர்தலில் மகன் விஜய் வசந்த் வந்தார். அந்த அளவு கடைக்கு மேலாளர்கள் இருப்பார்கள். அண்ணாச்சிக்கு இருப்பது தம்பியும் இரண்டு பையன்களும்தான், வித்தியாசம் அங்கேதான் வருகிறது.

டெல்லிக்கும் கடைக்கும் நடுவில்

கடந்த மக்களவை, அதாவது 2019 முதல் 2024 வரை, வருடத்துக்குச் சராசரியாக 55 நாள் கூடியது. கேட்க வருடத்தில் இரண்டு மாதம் போல இருக்கும், நிலைக்குழுக் கூட்டங்களும் பயணமும் சேர்ந்தால் அதற்கு மேல். வருடத்துக்கு 34 விமானப் பயணம் இலவசம், ஆனால் கடலூரிலிருந்து முதலில் சென்னை விமான நிலையம் போய்ச் சேர வேண்டும். அனுமதி இல்லாமல் தொடர்ந்து 60 நாள் அவைக்கு வராவிட்டால் இடம் காலி என்று அவை அறிவிக்கலாம்.

சம்பளம் 2023 ஏப்ரல் முதல் மாதம் ரூ.1.24 லட்சம், அவை நாளில் படி ரூ.2,500. தொகுதிப் படி, அலுவலகப் படி தனி. ஓரளவு நடக்கும் ஹார்டுவேர் கடைக்காரருக்கு இது பெரிய தொகையே இல்லை. இழப்புதான் அதிகம்: கடன் சொல்லிப் போகிறவர்கள் பெருகுவார்கள், "எம்.பி. கடைதானே" என்று வசூலுக்குப் போகவும் கூச்சம். கடை வாசல் மனு வாங்கும் இடமாக மாறிவிட்டால் பெயிண்ட் வாங்க வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

அப்புறம் அந்த ஐந்து கோடி. தொகுதி மேம்பாட்டு நிதி 1993 டிசம்பரில் தொடங்கியது, 2011-12 முதல் வருடத்துக்கு ரூ.5 கோடி. இந்தப் பணம் எம்.பி. கைக்கு வராது. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் அனுமதித்து, அரசுத் துறை ஒன்று டெண்டர் விட்டுச் செய்யும். தானோ குடும்பத்தாரோ நிர்வாகியாக இருக்கும் அறக்கட்டளைக்குப் பரிந்துரைக்க வழிகாட்டு நெறிகள் விடாது. டெண்டர் எடுத்த கான்ட்ராக்டர் சிமென்ட்டை அண்ணாச்சி கடையில் வாங்கினால்? 9ஏ அதைக் கேட்காது. பேரம் பேசி வாங்க வைத்தார் என்று நிரூபித்தால் ஊழல் தடுப்புச் சட்டம் வரும். நிரூபிப்பது யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தன் தொழிலுக்கே வரி குறைக்க ஓட்டுப் போடலாமா?

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இந்தக் கேள்வி, இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஹார்டுவேரை விட்டு முந்திரிக்கு வருவோம். பண்ருட்டி வட்டாரத்துத் தொழிற்சாலைகள் உள்ளூர்க் கொட்டையை மட்டும் நம்பி ஓடவில்லை, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கொட்டை வருகிறது. அதன்மேல் இறக்குமதி வரி 2018 பட்ஜெட்டில் 5 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைந்தது. முந்திரி ஆலை வைத்திருக்கும் ஒரு எம்.பி. இப்படிப்பட்ட வரிக்குறைப்பைக் கேட்டு அவையில் பேசினால், அது தொகுதிக்காகவா, தன் ஆலைக்காகவா?

மக்களவை விதி 371 இதற்குப் பதில் வைத்திருக்கிறது. சொந்தப் பண நலன் உள்ள விஷயத்தில் ஓட்டுப் போட்டால் மற்ற உறுப்பினர் ஆட்சேபிக்கலாம். ஆனால் அந்த நலன் அவருக்கு மட்டும் தனியாக உரியதாக இருக்க வேண்டும், பொதுமக்களோடோ ஒரு பிரிவினரோடோ சேர்ந்து கிடைக்கும் நலனாகவோ, அரசின் கொள்கை விஷயமாகவோ இருந்தால் ஆட்சேபணை நிற்காது. முந்திரி வரி குறைந்தால் எல்லா முந்திரி ஆலைக்கும்தான் லாபம். ஆகவே தாராளமாக ஓட்டுப் போடலாம்.

இது நியாயமா என்றால், பாதி நியாயம். விவசாயி எம்.பி. கரும்பு விலையைப் பேசக் கூடாது என்றால் நெல்லிக்குப்பத்துக் கரும்புக்காரர்களுக்கு யார் பேசுவது? தொழில் தெரிந்தவர் பேசினால்தான் விஷயம் துல்லியமாக வரும். குறை எங்கே என்றால், "எனக்கும் ஆலை இருக்கிறது" என்று பேசும்போது சொல்ல வைக்கும் ஏற்பாடு வலுவாக இல்லை. மாநிலங்களவையில் இதற்கென்று நலன்கள் பதிவேடு இருக்கிறது: சம்பளம் வரும் இயக்குநர் பதவி, கட்டுப்படுத்தும் அளவு பங்கு, கட்டண ஆலோசனை எல்லாம் அதில் எழுத வேண்டும், சம்பந்தப்பட்ட விஷயத்தில் பேசும்போது அறிவிக்கவும் வேண்டும். மக்களவை உறுப்பினர் பதவியேற்ற 90 நாளுக்குள் சொத்து, கடன் விவரம் தர வேண்டும். சொத்துக் கணக்கு வேறு, தொழில் நலன் வேறு. ஆலை மதிப்பு எவ்வளவு என்பது முதலாவதில் தெரியும், எந்த வரி குறைந்தால் அந்த ஆலைக்கு லாபம் என்பது அதில் தெரியாது.

அமைச்சரானால், பதவி முடிந்தால்

அண்ணாச்சி மத்திய அமைச்சரானால்தான் கடையை விட்டு நிஜமாகவே எழுந்திருக்க வேண்டும். அமைச்சர்களுக்கான நடத்தை நெறி, தொழிலின் உரிமையை வைத்துக்கொள்ளலாம், நிர்வாகத்தில் எந்தத் தொடர்பும் கூடாது என்கிறது. நெறிதான், சட்டம் இல்லை. மீறினால் கேட்க வேண்டியவர் பிரதமர்.

தோற்றாலோ, நிற்காமல் விட்டாலோ, முன்னாள் எம்.பி.க்கு மாத ஓய்வூதியம் ரூ.31,000, ஐந்து வருடத்துக்கு மேல் இருந்திருந்தால் ஒவ்வொரு வருடத்துக்கும் கொஞ்சம் கூடும். கடை இருந்த இடத்தில் இருக்கும், தம்பி கல்லாவிலிருந்து நகர்ந்து கொடுத்தால். பதவி முடிந்த மறுநாளே அதே ரயில்வே டெண்டரில் அண்ணாச்சி கையெழுத்துப் போடலாம், காத்திருக்கச் சொல்லி எந்தப் பிரிவும் இல்லை.